எட்டு லட்சம் கட்டி எச்-1பியில் போகலாமா?

கேள்வி:

வணக்கம் அக்கா. எனக்கு வயது 27, ஊர் ராணிப்பேட்டை. ஈ.சி.ஈ. முடித்துவிட்டு நாலு வருஷமாகச் சென்னை ஓ.எம்.ஆரில் ஒரு ஐ.டி. கம்பெனியில் டெஸ்டிங் வேலை பார்க்கிறேன். வருஷத்துக்கு ஏழே கால் லட்சம். தெரிந்தவர் மூலமாக ஒரு கன்சல்டன்சி பழக்கமானது. வருகிற மார்ச் லாட்டரியில் எச்-1பி (அமெரிக்காவில் வேலை பார்க்கிற விசா) போட்டுத் தருகிறோம், மொத்தம் எட்டு லட்சம், பாதி முன்பணம், நியூ ஜெர்சியில் வருஷத்துக்கு 70,000 டாலர் சம்பளம் என்கிறார்கள். அப்பா தோல் பதனிடும் டேனரியில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். லாலாப்பேட்டை பக்கம் இருக்கும் மனையை விற்றுத் தருகிறேன் என்கிறார்.

பணம் ஒரு பக்கம் இருக்கட்டும். அமெரிக்காவில் வேலை போனவர்கள் எழுதுவதை எல்லாம் கொஞ்ச நாளாகப் படிக்கிறேன். "எங்கள் வேலையைத் திருட வருகிறார்கள்" என்று எங்களைத்தான் சொல்கிறார்கள். படித்த பிறகு மனசு சரியில்லை. நான் போனால் யாரோ ஒருத்தருடைய சோற்றில் கை வைக்கிறேனா? அப்பாவிடம் சொன்னால், "வடக்கத்திப் பசங்க இங்க வந்து நம்ம வேலையை எடுக்கலையா, அது மாதிரிதான், போ" என்கிறார். இந்த வாரக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். என்ன செய்யட்டும்?

பதில்:

தம்பி, பணத்தைக் கட்டாதீர்கள். மனையையும் விற்க வேண்டாம். இந்த வாரக் கடைசி என்று கெடு வைத்திருக்கிறார்கள் என்பதால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன், மீதியை நிதானமாகப் படியுங்கள்.

ஏன் என்றால், கணக்கு எளிது. எச்-1பி லாட்டரியில், அதாவது விசாவுக்கு ஆள் எடுக்கிற குலுக்கலில், உங்கள் பெயரைப் பதிவு செய்ய ஒரு கம்பெனிக்கு ஆகும் கட்டணம் 215 டாலர். இன்றைய மதிப்பில் சுமார் இருபதாயிரம் ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களிடம் கேட்கும் முன்பணம் நாலு லட்சம். பெயர் விழவில்லை என்றால், "லாட்டரி தம்பி, நாங்க என்ன பண்றது, அடுத்த வருஷம் பாக்கலாம்" என்பார்கள், பணம் அவர்களிடமே இருக்கும். பெயர் விழுந்தாலும் நிலைமை நல்லதாக இல்லை. 2025 செப்டம்பர் 21-லிருந்து, அமெரிக்காவுக்கு வெளியே இருக்கிற ஒருவருக்காகப் புதிதாக எச்-1பி மனுப் போடும் கம்பெனி கூடுதலாக ஒரு லட்சம் டாலர் கட்ட வேண்டும் என்று அதிபர் டிரம்ப் ஆணை போட்டிருக்கிறார். நம் கணக்கில் ஏறக்குறைய தொண்ணூறு லட்சம் ரூபாய். முதல் கட்டமாக ஒரு வருஷத்துக்கு அந்த ஆணை, கோர்ட்டில் வழக்குகளும் நடக்கின்றன, நாளைக்கு மாறவும் மாறலாம். ஆனால் இன்றைய தேதியில் விதி அதுதான். ஏற்கனவே அங்கே மாணவர் விசாவில் இருந்துகொண்டு விசா மாற்றிக்கொள்கிறவருக்கு அந்தத் தொகை இல்லை, பழைய எச்-1பியைப் புதுப்பிக்கிறவருக்கும் இல்லை. ராணிப்பேட்டையில் உட்கார்ந்திருக்கிற உங்களுக்கு உண்டு. உங்களுக்கு 70,000 டாலர் சம்பளம் தருகிறேன் என்கிற கம்பெனி, உங்களைக் கூட்டிப் போக ஒரு லட்சம் டாலர் கட்டுமா? இந்தக் கேள்வியை அவர்களிடம் கேட்டீர்களா?

இன்னொன்று. மனுவுக்கான கட்டணம், வக்கீல் செலவு இதெல்லாம் அமெரிக்கச் சட்டப்படி முதலாளியின் தொழில் செலவு. ஊழியர் தலையில் கட்டக் கூடாது. எட்டு லட்சம் கேட்கிற இடமே தப்பான இடம். அமெரிக்காவிலிருந்து திரும்பியதிலிருந்து விசா ஆலோசனைதான் என் வேலை, காட்பாடி காந்தி நகரில் என் அலுவலகத்துக்கு வருகிறவர்களில் மாதத்துக்கு இரண்டு பேராவது இப்படிக் கட்டிவிட்டு வருகிறவர்கள்தான். கட்டிய பிறகு வந்தால் நான் செய்ய முடிவது ரொம்பக் கொஞ்சம். நீங்கள் முன்னாலேயே கேட்டீர்கள், அந்த மட்டும் நல்லது.

சரி, இப்போது உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். உண்மையில் எனக்கு அதுதான் முதல் கேள்வி. 27 வயதில் இதைக் கேட்கிற பையனுக்கு நேராகப் பதில் சொல்ல வேண்டும், "அதெல்லாம் யோசிக்காதே, உன் வாழ்க்கையைப் பாரு" என்று தட்டிக் கழிக்க எனக்கு மனசு வரவில்லை.

நான் 2006-ல் எச்-1பியில் அமெரிக்கா போனேன். நானும் இந்தப் பக்கத்துப் பொண்ணுதான், குடியாத்தம். நியூ ஜெர்சியில் இறங்கியதும் "கெஸ்ட் ஹவுஸ்" என்று சொல்லி ஓர் அபார்ட்மெண்ட்டில் தங்க வைத்தார்கள், இரண்டு அறையில் ஆறு பேர், தரையில் மெத்தை. அங்கிருந்து ஒரு ப்ராஜெக்ட்டுக்காக ஒஹாயோ மாநிலத்தில் ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்கு 2008-ல் அனுப்பினார்கள். மெயின்ஃபிரேம் என்கிற பெரிய கம்ப்யூட்டரில், கோபோல் (COBOL) என்கிற பழைய கணினி மொழியில் வேலை. போன முதல் நாள்தான் தெரிந்தது, அங்கே 26 வருஷம் வேலை பார்த்த ஒருவரிடமிருந்து நான் கே.டி. (அவர் வேலையின் விவரம் எல்லாம் கற்றுக்கொள்வது) வாங்க வேண்டும், கே.டி. முடிந்த அன்று அவருக்கு வேலை முடிகிறது என்று. கே.டி. என்றால் உங்களுக்குத் தெரியும், நாலு வருஷத்தில் நீங்களும் கொடுத்திருப்பீர்கள், வாங்கியிருப்பீர்கள். ஆனால் கற்றுக்கொடுக்கிறவர் ஒத்துழைத்தால்தான் அவருக்கு வர வேண்டிய செட்டில்மெண்ட் பணம் வரும் என்று எழுதி வாங்கிய கே.டி.யை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்.

பதினொரு வாரம். அவரிடம் ஒரு பச்சை அட்டை போட்ட நோட்டு இருந்தது. மாதக் கடைசியில் கம்ப்யூட்டரில் தானாக ஓடுகிற ஒவ்வொரு பேட்ச் ஜாபும் எந்தெந்த வருஷம் எங்கே நின்றது, ராத்திரி எத்தனை மணிக்கு யாருக்குப் போன் செய்தார், எந்த வரியைத் திருத்தினார், எல்லாம் பென்சிலில், பொடி எழுத்தில். சில பக்கங்களில் காப்பிக் கோப்பை வைத்த வட்டம். அவர் என்னிடம் ஒரு நாள்கூடக் குரல் உயர்த்தவில்லை. ஒரு முறை மட்டும், சாப்பாட்டு நேரத்தில், "உனக்கு என்ன சம்பளம் தருகிறார்கள்?" என்று கேட்டார். சம்பளத்தைப் பற்றி கிளையண்ட் ஆட்களிடம் பேசக் கூடாது என்று எங்கள் மேனேஜர் சொல்லியிருந்தார். நான் சொல்லவில்லை. டப்பாவை மூடிவிட்டு எழுந்து போனேன். அது இன்றைக்கும் என்னை உறுத்துகிறது.

என் சம்பளம் 60,500 டாலர். அவருடையது தொண்ணூறாயிரத்துக்கு மேல் என்று பிறகு தெரிந்தது. ஏன் சரியாக அறுபதுக்கு ஒரு நூல் மேலே என்று அப்போது எனக்குப் புரியவில்லை. இந்தியா திரும்பி இந்த ஆலோசனை வேலைக்கு வந்து சட்டத்தை உட்கார்ந்து படித்தபோதுதான் புரிந்தது. உங்களுக்கும் அது தெரிய வேண்டும், ஏனென்றால் நீங்கள் படிக்கிற அந்தக் கோபம் எல்லாம் அந்த ஒரு இடத்தில்தான் வந்து சேருகிறது.

எச்-1பி 1990-ஆம் வருஷச் சட்டத்தில் வந்தது. வருஷத்துக்கு 65,000 விசா. நடுவில் டாட் காம் காலத்தில் 1,95,000 வரை ஏற்றினார்கள், பிறகு 2004-ல் பழையபடி 65,000-க்கு இறக்கினார்கள், அமெரிக்காவில் மேல்படிப்பு முடித்தவர்களுக்கு என்று 20,000 தனியாகச் சேர்த்தார்கள். இன்றைக்கும் அதே எண்ணிக்கைதான். ஒரு வெளிநாட்டுக்காரரை எடுக்கும் முன் அமெரிக்கர் யாராவது கிடைக்கிறாரா என்று தேடிப் பார்க்க வேண்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி ஒரு பொதுவான கட்டாயம் எச்-1பியில் கிடையாது, அது கிரீன் கார்டு (அங்கேயே நிரந்தரமாகத் தங்குகிற அனுமதி) மனுவில்தான் வருகிறது. ஐம்பது பேருக்கு மேல் வேலை செய்யும் கம்பெனியில் 15 சதவீதமோ அதற்கு மேலோ எச்-1பி ஆட்கள் இருந்தால், "நாங்கள் உள்ளூர்க்காரரை வெளியே அனுப்பவில்லை, முதலில் உள்ளூரில் தேடினோம்" என்று உறுதிமொழி கொடுக்க வேண்டும் என்று 1998-ல் ஒரு விதி போட்டார்கள். போட்ட கையோடு ஒரு கதவையும் திறந்து வைத்தார்கள். அந்த எச்-1பி ஆளுக்கு 60,000 டாலர் சம்பளம் கொடுத்தால் உறுதிமொழி தேவையில்லை. 1998-ல் அறுபதாயிரம் பெரிய சம்பளம். இத்தனை வருஷத்தில் அமெரிக்காவில் வாடகை, பால், பெட்ரோல், எல்லாம் எங்கேயோ போய்விட்டது, அந்த அறுபதாயிரம் மட்டும் அப்படியே நிற்கிறது.

அதாவது என் சம்பளத்தில் இருந்த அந்த ஐந்நூறு டாலர்தான், அந்தப் பச்சை நோட்டுக்காரரை வெளியே அனுப்பினோமா இல்லையா என்று யாரும் பதில் சொல்ல வேண்டாம் என்று ஆக்கியது. உங்களுக்குச் சொல்லியிருக்கும் 70,000-ஐ இப்போது திரும்பப் பாருங்கள்.

சம்பளத்துக்கு வேறு காவலே இல்லையா என்றால், இருக்கிறது. எல்.சி.ஏ. என்று ஒரு காகிதம், மனுவுக்கு முன்னால் அமெரிக்கத் தொழிலாளர் துறையில் கம்பெனி தாக்கல் செய்வது. அந்த ஊரில் அந்த வேலைக்கு நடப்பில் இருக்கிற சம்பளத்துக்குக் குறையாமல் தருவேன் என்று அதில் உறுதி கொடுக்க வேண்டும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நடப்புச் சம்பளத்தை நாலு நிலையாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். அந்த ஊரில் அதே வேலை பார்க்கிற நூறு பேரைச் சம்பள வரிசையில் நிற்க வைத்தால், முதல் நிலை என்பது கீழேயிருந்து பதினேழாவது ஆளின் சம்பளம். இரண்டாவது நிலை முப்பத்து நாலாவது ஆள். மூன்றாவது நிலையில்தான் நடு ஆளின் சம்பளமே வருகிறது. 2019-ல் தொழிலாளர் துறை சான்று கொடுத்த எச்-1பி வேலைகளில் 60 சதவீதம் கீழ் இரண்டு நிலையில்தான் இருந்தன என்று எகனாமிக் பாலிசி இன்ஸ்டிட்யூட் என்ற ஆய்வு அமைப்பு 2020-ல் கணக்கெடுத்து எழுதியது. எல்லாரும் மலிவாகப் போகவில்லை, பெரிய டெக் கம்பெனிகளில் உள்ளூர்க்காரருக்குச் சமமாகவும் மேலாகவும் வாங்குகிற நம் பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் கீழ் நிலையில் போகிற கூட்டமும் நிஜம்.

2014 கடைசியில் ஃப்ளோரிடாவில் டிஸ்னி கம்பெனியில் கிட்டத்தட்ட 250 ஐ.டி. ஊழியர்களிடம், வேலை போகிறது, போகும் முன் வருகிறவர்களுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போங்கள் என்று சொன்னார்கள். பெரிய செய்தியாகி அமெரிக்க செனட் விசாரணை வரைக்கும் பேசப்பட்டது. நான் அந்தச் செய்தியைப் படித்தது இந்தியாவுக்குத் திரும்பிய வருஷம். எனக்கு அந்த நோட்டில் இருந்த காப்பி வட்டம்தான் ஞாபகம் வந்தது.

அதனால், கோபப்படுகிறவர்கள் எல்லாம் நிறவெறி பிடித்தவர்கள் என்று நான் உங்களிடம் சொல்ல மாட்டேன். சிலர் அப்படித்தான். 2024 டிசம்பரில், சென்னையில் பிறந்த ஸ்ரீராம் கிருஷ்ணன் வெள்ளை மாளிகையின் ஏ.ஐ. ஆலோசகராக அறிவிக்கப்பட்டபோது அவரைப் பற்றியும் இந்தியர்களைப் பற்றியும் எழுதியது பச்சை வெறுப்பு, அதற்கு வேறு பெயர் கிடையாது. ஆனால் அதே விவாதத்தில் தொழிலாளர் பக்கம் நின்று பேசுகிற அமெரிக்க செனட்டர் பெர்னி சாண்டர்ஸும் இந்த விசாவைக் கடுமையாகக் குறை சொன்னார், குறைந்த கூலிக்கு ஆள் பிடிக்கிற ஏற்பாடு இது என்று. அவரை வெறுப்புப் பேச்சுக்காரர் என்று சொல்ல முடியாது.

பொருளாதார ஆய்வுகளும் ஒரே பக்கம் பேசவில்லை. எச்-1பி ஆட்கள் அதிகமாக வந்த நகரங்களில் உள்ளூர்ப் பட்டதாரிகளின் சம்பளமும் உயர்ந்தது என்று காட்டும் ஆய்வு இருக்கிறது. லாட்டரியில் ஆள் கிடைத்த கம்பெனியையும் கிடைக்காத கம்பெனியையும் ஒப்பிட்டு, கிடைத்த கம்பெனி வேறு ஆட்களை எடுப்பதைக் குறைத்துக்கொண்டது என்று காட்டும் ஆய்வும் இருக்கிறது. இரண்டையும் படித்தேன். என் அனுபவத்தில் இரண்டுமே நடப்பதுதான், எந்தக் கம்பெனி, எந்த வேலை, என்ன சம்பளம் என்பதைப் பொறுத்து.

இப்போது அப்பா சொன்னதை எடுத்துக்கொள்வோம். அவர் சொன்ன ஒப்பீடு சரியான ஒப்பீடு. ஆனால் அதிலிருந்து அவர் எடுத்த முடிவு சரியில்லை என்று நினைக்கிறேன்.

போன மாதம் ஒரு வேலையாக சிப்காட் பக்கம் போயிருந்தேன். சாயங்காலம், ஷிப்ட் முடிந்த நேரம். ஒரு ஷெட்டுக்கு வெளியே பீகார், ஒடிசாப் பசங்க உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே ஒரே பிளக் பாயிண்ட், அதில் ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், அதில் எட்டு செல்போன் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. எனக்கு நியூ ஜெர்சி கெஸ்ட் ஹவுஸ் ஞாபகம் வந்தது, அங்கேயும் சமையலறைத் திண்டில் ஒரே பிளக்கில் ஆறு போன் வரிசையாக இருக்கும். அப்பாவிடம் உட்கார்ந்து கேளுங்கள்: அந்தப் பசங்களுக்கு என்ன கூலி என்று முடிவு செய்தது அந்தப் பசங்களா, காண்ட்ராக்டரா? பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. பிடித்தார்களா? உள்ளூர் ஆளுக்குத் தருவதையே அவர்களுக்கும் தந்திருந்தால், அப்பா சொல்கிற மாதிரி நம் வேலை போயிருக்குமா? வெளி மாநிலத் தொழிலாளிக்கும் உள்ளூர்த் தொழிலாளிக்கும் ஒரே வேலைக்கு ஒரே கூலி தர வேண்டும் என்று நம் நாட்டில் 1979-லேயே சட்டம் போட்டார்கள். அப்பா முப்பது வருஷத்தில் அதை எத்தனை இடத்தில் பார்த்தார் என்று அவரே சொல்லட்டும். டிரம் பக்கத்திலும் சுண்ணாம்புத் தொட்டியிலும் நின்ற மனுஷனுக்கு இது யாரும் சொல்லிக்கொடுத்துப் புரிய வேண்டியதில்லை.

வந்தவன் மேல் கோபப்படுவது சுலபம், அவன் கண்ணுக்குத் தெரிகிறான். வந்தவன் ஏன் குறைந்த கூலிக்கு வாயை மூடிக்கொண்டு நிற்கிறான் என்று பார்த்தால், அவனால் வேறு இடம் போக முடியாது, அதுதான் காரணம். எச்-1பியிலும் இதே கதைதான். விசா உங்கள் பெயரில் வந்தாலும் கயிறு முதலாளி கையில் இருக்கிறது. வேறு கம்பெனிக்கு மாறலாம், ஆனால் அந்தக் கம்பெனியும் மனுப் போட்டு ஸ்பான்சர் செய்ய வேண்டும். வேலை போனால் அதிகபட்சம் 60 நாளில் வேறு வேலை, இல்லாவிட்டால் ஊர். அந்த 60 நாள்கூட 2017-ல் வந்ததுதான், என் காலத்தில் அதுவும் இல்லை. ஒஹாயோ ப்ராஜெக்ட் முடிந்ததும் என்னை இரண்டு மாதம் பென்ச்சில் வைத்தார்கள், சம்பளம் இல்லை, விடுமுறை என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். வேலை இல்லாத நாட்களுக்கும் சம்பளம் தர வேண்டியது சட்டம் என்று எனக்கு அப்போது தெரியாது, தெரிந்திருந்தாலும் புகார் செய்திருப்பேனா என்று சொல்ல முடியவில்லை. வீட்டில் தங்கச்சி கல்யாணத்துக்கு வாங்கின கடன் இருந்தது.

கிரீன் கார்டு வந்தால் கயிறு அறுந்துவிடும் என்றுதான் எல்லாரும் காத்திருக்கிறோம். வேலை வழியாக வருஷத்துக்கு சுமார் 1,40,000 கிரீன் கார்டு, அதில் எந்த ஒரு நாட்டுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் பொதுவாகக் கிடையாது. எச்-1பி வாங்குகிறவர்களில் பத்தில் ஏழு பேர் இந்தியர்கள், கிரீன் கார்டு வரிசையில் நமக்கு நூற்றுக்கு ஏழு. 2013-ல் மனுப் போட்டவர்களுக்கே 2026 தொடக்கத்தில்தான் வரிசை நகர்ந்தது. அத்தனை வருஷமும் சம்பளம் உயர்த்திக் கேட்கப் பயம், வேலை மாறப் பயம், அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றால் ஊருக்கு வந்துவிட்டுத் திரும்பிப் போக பாஸ்போர்ட்டில் விசா ஸ்டாம்பிங் கிடைக்காமல் போகுமோ என்று பயம். ஒன்பது வருஷம் ஆனபிறகு நான் திரும்பி வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

இப்படிப் பயந்து கிடக்கிற ஆளைத்தான் கம்பெனிக்குப் பிடிக்கும். அவன் அமைதியாக இருப்பதுதான் அந்தப் பச்சை நோட்டுக்காரருக்கு ஆபத்து. அவனுக்கும் அதே அளவு ஆபத்து. சம்பளம் சமமாக இருந்து, பிடிக்காவிட்டால் அடுத்த நாளே வேறு கம்பெனிக்குப் போகலாம் என்று இருந்தால், அவனை வைத்து யாரையும் மலிவாக வெளியே தள்ள முடியாது. "திருடுகிறேனா?" என்று கேட்டீர்கள். உங்கள் பாஸ்போர்ட் எந்த நாடு என்பதில் அதற்குப் பதில் இல்லை. எந்தச் சம்பளத்தில், எந்தக் கட்டுப்பாட்டில் போகிறீர்கள் என்பதில் இருக்கிறது. அங்கே பக்கத்து நாற்காலியில் இருப்பவருக்குச் சமமாக வாங்கிக்கொண்டு, உங்கள் வேலையின் திறமைக்காகப் போனால், தலை நிமிர்ந்து போங்கள். அவரை அனுப்பிவிட்டு அவர் நாற்காலியில் முக்கால் சம்பளத்துக்கு உட்காரப் போகிறீர்கள் என்றால், அந்த உறுத்தல் நியாயமானது, அதைத் தூக்கிப் போடாதீர்கள்.

நீங்கள் ராணிப்பேட்டை என்பதால் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையை 1900-ல் தொடங்கிய ஐடா ஸ்கடர் 1870-ல் பிறந்தது உங்கள் ராணிப்பேட்டையில்தான். அமெரிக்கக் குடும்பம், அமெரிக்காவில் படித்த டாக்டர். வேலூருக்கு வந்த வெளிநாட்டுத் திறமைசாலி என்று இன்றைய பாஷையில் சொல்லலாம். அவர் வந்து என்ன செய்தார்? 1909-ல் நர்ஸுகளுக்குப் பயிற்சி, 1918-ல் பெண்களுக்கு மருத்துவப் படிப்பு. வந்தவர் உள்ளூர்ப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தார். அதனால்தான் நூறு வருஷம் கழித்தும் வேலூரில் யாருக்கும் அவர் மேல் கசப்பு இல்லை. நான் போன இடத்தில் உள்ளூர்க்காரர் வந்தவளுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டு வெளியே போனார். (இங்கே படித்த நர்ஸுகள் அமெரிக்கா போவதைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறீர்கள். அவர்கள் பெரும்பாலும் எச்-1பியில் போவதில்லை, நேரடியாகக் கிரீன் கார்டு வழியாகத்தான் போகிறார்கள். அது வேறு பாதை, இன்னொரு முறை எழுதுகிறேன்.)

இனி உங்கள் வேலைக்கு வருவோம். லாட்டரியும் மாறிவிட்டது. 2026 பிப்ரவரி 27 முதல் சம்பள நிலையைப் பார்த்துச் சீட்டு. நாலாம் நிலைச் சம்பளம் என்றால் குலுக்கலில் நாலு சீட்டு, முதல் நிலை என்றால் ஒன்றே ஒன்று. நியூ ஜெர்சியில் 70,000 டாலருக்கு ஒரு டெஸ்டிங் வேலை என்றால் முதல் நிலைக்கு மேலே போவது கஷ்டம், அதையே தொடுமா என்பது ஊரைப் பொறுத்தது. முன்பு சில கன்சல்டன்சிகள் ஒரே ஆளுக்கு நாலைந்து கம்பெனி பெயரில் பதிவு போட்டுச் சீட்டைப் பெருக்கிக்கொண்டிருந்தார்கள். 2024 நிதியாண்டுக்கான லாட்டரியில் ஏழு லட்சத்து எண்பதாயிரம் பதிவு வந்தது, அதில் பாதிக்கு மேல் இப்படிப் பல பதிவு போட்ட ஆட்களுடையது. அதன் பிறகு எத்தனை கம்பெனி பதிவு செய்தாலும் ஓர் ஆளை ஒரே ஆளாகத்தான் எண்ணுவோம் என்று மாற்றிவிட்டார்கள். இன்னமும் யாராவது "மூணு கம்பெனியில போடறோம், சான்ஸ் அதிகம்" என்று சொன்னால் அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

போவதே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நான் போனேன், கற்றுக்கொண்டேன், தங்கச்சி கல்யாணக் கடனை அடைத்தேன். இப்போது உங்கள் கையில் இருக்கும் ஏழே கால் லட்சத்தைப் பாருங்கள். நாலு வருஷ மேனுவல் டெஸ்டிங் என்றால் அது நிற்கிற இடத்திலேயே நிற்கும். ஆட்டோமேஷன், கொஞ்சம் பைதான், கிளவுட், இதில் ஆறு மாதம் ராத்திரி உட்காருங்கள். வெளிநாட்டுக் கம்பெனிகள் இந்தியாவில் நேரடியாக நடத்துகிற ஜி.சி.சி. மையங்கள் 2024 கணக்கில் 1,700-க்கு மேல், பத்தொன்பது லட்சம் பேர் வேலை செய்கிறார்கள். எச்-1பியை இறுக்கினால் அமெரிக்கக் கம்பெனிகள் அந்த வேலையை அமெரிக்கருக்குத் தருவதைவிட இந்தியா, கனடா பக்கம் நகர்த்துவதுதான் நடக்கிறது என்று காட்டும் ஆய்வும் இருக்கிறது. பெங்களூரு காட்பாடியிலிருந்து ரயிலில் மூணு, மூணரை மணி நேரம். அங்கே இரண்டு மூன்று வருஷம் நல்ல வேலை பார்த்தால், அந்தக் கம்பெனியே தேவைப்பட்டு உங்களை அமெரிக்காவுக்கு அனுப்பலாம். அது எல்-1 விசா, லாட்டரி இல்லை, உங்கள் பையிலிருந்து ஒரு ரூபாய் இல்லை. எல்-1லும் முதலாளி கயிறு உண்டு, இன்னும் இறுக்கமாகவே உண்டு, அதையும் தெரிந்துகொண்டு போங்கள்.

மேல்படிப்புக்குப் போகலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். நாற்பது, ஐம்பது லட்சம் கடன் வாங்கி என்றால் இப்போது வேண்டாம். உதவித்தொகையோடு என்றால் எழுதுங்கள், பேசுவோம்.

திங்கட்கிழமை காலையில் அந்த கன்சல்டன்சிக்குப் போன் போடுங்கள். போனில் சொல்வது போதாது, பதிலை மெயிலில் கேளுங்கள். மனுப் போடப் போகிற அமெரிக்கக் கம்பெனியின் முழுப் பெயர் என்ன, எந்த ஊரில் யாருடைய அலுவலகத்தில் நான் உட்காருவேன், எல்.சி.ஏ.யில் என் வேலை எந்தச் சம்பள நிலை, ஒரு லட்சம் டாலரை யார் கட்டுவார்கள், ப்ராஜெக்ட் இல்லாத மாதம் சம்பளம் உண்டா, கடைசியாக, நான் போகிற இடத்தில் இப்போது அந்த வேலையைச் செய்துகொண்டிருப்பவர் யார், அவர் எங்கே போகிறார். கடைசிக் கேள்வியைக் கேட்டால் சிரிப்பார்கள், பரவாயில்லை, கேளுங்கள். மெயிலில் பதில் வந்தால் அப்படியே எனக்கு அனுப்புங்கள், படித்துப் பார்த்துச் சொல்கிறேன். மனைப் பத்திரம் அதுவரைக்கும் அப்பா பீரோவிலேயே இருக்கட்டும்.